ஜனவரியில் முதல் அரை மாரத்தான்: தேதியைக் குறித்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்

ஓட ஆரம்பித்து ஐந்தாறு மாதம் ஆனவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் காலையில் எழுந்து, அதே தெருக்களில், அதே 5 கிலோமீட்டரை, லேசாக மூச்சு வாங்கும் அதே வேகத்தில் ஓடி முடிக்கிறார்கள். வியர்க்கிறது, மனசுக்கும் நன்றாக இருக்கிறது, உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் அரை வருஷம் கழித்துப் பார்த்தால் வேகமும் கூடவில்லை, தூரமும் கூடவில்லை. இவர்கள் என்னிடம் எந்த ஷூ வாங்கலாம், எந்த வாட்ச் வாங்கலாம் என்று கேட்பார்கள். நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒரு போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.

"நான் என்ன ஜெயிக்கவா போகிறேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. பரிசுக்காக ஓடுகிறவர்கள் முன்வரிசையில் நிற்கும் சிலர் மட்டுமே. மற்ற எல்லாருக்கும் போட்டி என்பது காலண்டரில் நகராமல் நிற்கும் ஒரு நாள். அந்த நாள் இருந்தால்தான் இன்றைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், முக்கியமாக எந்தெந்த நாள் ஓடவே கூடாது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். தேதி குறித்ததும் எல்லாரும் முரட்டுத்தனமாக ஓட ஆரம்பித்துவிடுவார்கள் என்று தோன்றலாம். நான் பார்த்தவரை, ஒழுங்கான திட்டத்தோடு பயிற்சி செய்கிறவர்கள் முன்னைவிட மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். ஓய்வு நாளை நிம்மதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வேகம் கூடுவதும் அதனால்தான்.

ஜனவரியில் முதல் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓட நினைப்பவருக்கான வழிகாட்டி இது. சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் மழையையும் வெயிலையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு தேதி என்ன செய்யும்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து ஒருவர் வந்து உங்களைத் தாண்டிப் போகிறார். முன்னால் போட்டி எதுவும் இல்லாதவருக்குக் கால் தானாக வேகமெடுக்கும். இரண்டு கிலோமீட்டர் அவரைத் துரத்திவிட்டு, வீட்டுக்கு வந்து நல்ல ஓட்டம் என்று திருப்தியாக உட்காருவார். வியாழக்கிழமை கால் கனக்கும், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் பாதியில் நிற்கும். தேதி குறித்தவருக்கு இன்று செவ்வாய், இது நிதான ஓட்டம், ஞாயிற்றுக்கிழமைக்கு 14 கிலோமீட்டர் காத்திருக்கிறது என்று தெரியும். போகிறவர் போகட்டும் என்று விட்டுவிடுவார். மூன்றரை மாதத்தில் இப்படி ஐம்பது அறுபது சின்ன முடிவுகள் வரும். அவை எல்லாம் ஒரே பக்கம் சாய்வதால்தான் உடம்பு மாறுகிறது.

உளவியலில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு அறிஞர்கள் பல பத்தாண்டுகள் செய்த வேலையின் சாரம் இது: "முடிந்தவரை செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். அந்த இலக்கை அவர்கள் மனதார ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணம் கட்டிப் பதிவு செய்து, வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்லிவிடுவதன் பயன் இங்கேதான் வருகிறது. சொன்ன வார்த்தைக்காகவே படுக்கையை விட்டு எழும் காலைகள் சில இருக்கும்.

ஓட்டப் பயிற்சியில் இதை வாழ்ந்து காட்டியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் ஷூ தயாரிப்பில் வேலை பார்த்துக்கொண்டே, எவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு என்ன ஆகிறது என்று தன் மீதே பரிசோதித்துப் பார்த்தவர். பெரிய போட்டியின் தேதியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, மாதக்கணக்கில் நிதானமான தூரம், பிறகு மேட்டு ஓட்டம், பிறகு வேகம், கடைசியில் ஓய்வோடு கூர்தீட்டல் என்று பகுதி பகுதியாகப் பிரித்தார். 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லைக்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரி ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். அதே ஒலிம்பிக்கின் மாரத்தானில் பேரி மகீக்கு வெண்கலம். மூவரும் லிடியார்டின் மாணவர்கள். இன்று நீங்கள் எந்தச் செயலியில் பயிற்சித் திட்டத்தைத் திறந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்தப் பின்னோக்கி எண்ணும் கணக்குதான்.

முதலில் தூரம், அப்புறம் தேதி

நிற்காமல் 30 நிமிடம் ஓட முடிகிறதா? முடிந்தால் 16 வாரத்தில் அரை மாரத்தானுக்குத் தயாராகலாம். முடியவில்லை என்றால் அதே நாளில் நடக்கும் 10 கிலோமீட்டருக்குப் பதிவு செய்யுங்கள். இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 10 கிலோமீட்டரை நன்றாக ஓடி முடித்தவர் அடுத்த வருஷம் அரை மாரத்தானை ரசித்து ஓடுவார். முழு மாரத்தானை முதல் போட்டியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 42 கிலோமீட்டருக்கு எலும்பும் தசைநாரும் தயாராக ஒரு வருஷமாவது தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பெரிய போட்டிகள் மழை முடியும் சமயத்தில்தான் வருகின்றன. கோவை மாரத்தான் டிசம்பரில். சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில். மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறு. சென்னையில் ஓடுவதற்கு வருஷத்திலேயே நல்ல பருவம் இதுதான். மே மாதத்தில் ஒரு போட்டியை முதல் போட்டியாக யாராவது சொன்னால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

ஜனவரி முதல் ஞாயிற்றிலிருந்து 16 வாரம் பின்னால் போனால் செப்டம்பர் நடுவில் வந்து நிற்போம். டெல்டாவில் ஆவணி வாக்கில் சம்பாவை விதைத்துத் தையில் அறுப்பார்கள். கிட்டத்தட்ட அதே கணக்குதான் இதுவும். இடையில் அடைமழை வரும் என்று தெரிந்தேதான் இறங்குகிறோம்.

பதிவு செய்யும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்-ஆஃப் நேரம், தொடங்கும் நேரம், பாதையில் மேம்பாலங்கள் எத்தனை. பிறகு அந்த வாரத்தில் வீட்டில் கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைகளின் தேர்வு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டின பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள், நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தவர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்றைக்கு எங்கே நிற்கிறீர்கள்?

முதல் வாரத்தில் ஒரு நாள், நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, 5 கிலோமீட்டரை உங்களால் முடிந்த சீரான வேகத்தில் ஓடி நேரத்தைக் குறியுங்கள். 400 மீட்டர் டிராக் கிடைத்தால் பன்னிரண்டரை சுற்று. கோவையில் ரேஸ் கோர்ஸ் சாலை, சென்னையில் கடற்கரைச் சாலை, எங்கேயானாலும் சமதளமாக இருந்தால் போதும்.

அந்த நேரத்தை வைத்து ஜனவரிக்கு ஒரு தோராயம் போடலாம். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன கணக்கின்படி, தூரம் இரட்டிப்பானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். 5 கிலோமீட்டரை 32 நிமிடத்தில் ஓடுகிறவர் 10 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 67 நிமிடமும், அரை மாரத்தானுக்கு ஏறக்குறைய 2 மணி 27 நிமிடமும் எடுப்பார். அந்தத் தூரத்துக்குத் தேவையான பயிற்சி இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். முதல்முறை ஓடுகிறவர்கள் அதோடு ஐந்து பத்து நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது. நம் ஊர் ஈரப்பதத்துக்கும் சேர்த்துத்தான்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஃபோனில் திட்டம் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தாள் காலண்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி நாளைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் 16 என்று எழுதி, மேல்நோக்கி 15, 14, 13 என்று வாரங்களுக்கு எண் போட்டு வாருங்கள். தீபாவளி, அலுவலக ஆடிட், ஊருக்குப் போகும் நாள் எல்லாவற்றையும் அதிலேயே குறித்துவிடுங்கள். வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள். இன்னும் எத்தனை ஞாயிறு என்பது ஒரே பார்வையில் தெரிவது, செயலி அனுப்பும் அறிவிப்பைவிட நன்றாக வேலை செய்கிறது.

இப்போது கடைசியிலிருந்து நிரப்புங்கள். 16ஆம் வாரம் போட்டி. 15ஆம் வாரம் நீண்ட ஓட்டம் 12 கிலோமீட்டராகக் குறையும். மிக நீண்ட ஓட்டமான 18 கிலோமீட்டர் 14ஆம் வாரக் கடைசியில், அதாவது போட்டிக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால். அதற்கு முந்தைய ஞாயிறு 17. அதற்குப் பின்னால் உள்ள நான்கு வாரங்களுக்கு, 12இலிருந்து 9 வரை, 11, 16, 14, 13. இன்னும் பின்னால், 8இலிருந்து 5 வரை, 9, 12, 10, 9. தொடக்க நான்கு வாரங்களை மட்டும் முன்னோக்கிப் படியுங்கள், 1இலிருந்து 4 வரை: 6, 7, 8, மறுபடியும் 6. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் குறைவதைக் கவனித்திருப்பீர்கள். ஆரம்பக்காரர்கள் பலர் அடித்துவிடும் வாரம் இதுதான், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் குறைக்க வேண்டும் என்று. குறைக்கத்தான் வேண்டும். ஓடும்போது உடம்பு தேய்கிறது. பலப்படுவது தூங்கும்போதும் ஓய்விலும்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கில்தான் கெட்டிப்படும். மூச்சு முடியும் என்கிறபோது கால் இன்னும் தயாராகாமல் இருக்கும் இந்த இடைவெளியில்தான் கெண்டைக்கால் முன்னெலும்பு வலி வந்து பலரை உட்கார வைக்கிறது.

21 ஓடாமல் 18 ஓடினால் போதுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போதும். மிச்சம் 3 கிலோமீட்டரை, ஓய்வெடுத்த கால்களும் கூட்டத்தின் உற்சாகமும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

நான்கு நாள் ஓட்டம் போதும். செவ்வாய் நிதான ஓட்டம், வியாழன் வேலை வைக்கும் ஓட்டம், சனி 3 அல்லது 4 கிலோமீட்டர் சும்மா காலை அசைப்பது, ஞாயிறு நீண்ட ஓட்டம். முதல் வாரம் மொத்தம் 18 கிலோமீட்டர் போல இருக்கும், உச்சத்தில் 38, 40.

நிதானம் என்றால் எவ்வளவு நிதானம்? பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாக ஓடினால் வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பாருங்கள், நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். மேலே சொன்ன 32 நிமிடக்காரருக்கு இது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்திலிருந்து எட்டேகால் வரை இருக்கும். செப்டம்பர் புழுக்கத்தில் அதற்கும் மேல் ஆகலாம். வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். இந்த மெதுவான மணிநேரங்களில்தான் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஓடும் திறன் வளர்கிறது. 21 கிலோமீட்டர் முக்கால்வாசி அதை நம்பித்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மாறிக்கொண்டே போகும். முதல் நான்கு வாரம், நிதான ஓட்டத்தின் கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் ஐந்தாறு முறை. 5 முதல் 8 வரை மேட்டு ஓட்டம். சென்னையில் மேடு எங்கே என்று கேட்டால், வண்டி குறைவாக உள்ள அதிகாலையில் நடைபாதையுள்ள ஒரு மேம்பாலம். 9ஆம் வாரத்திலிருந்து போட்டி வேகத்துக்குப் பக்கத்தில் 10 நிமிடம் ஓடி, 3 நிமிடம் மெதுவாக ஓடி, மறுபடி 10. போகப்போக அதையே மூன்றாக்கலாம். அதே சமயம் ஞாயிறு ஓட்டத்தின் கடைசி 3 கிலோமீட்டரைப் போட்டி வேகத்தில் முடிக்கப் பழகுங்கள். எந்தப் போட்டிக்குப் போகிறோமோ அதைப் போலவே பயிற்சியின் கடைசிப் பகுதி இருக்க வேண்டும். தேதியும் தூரமும் தெரியாமல் இதைச் செய்யவே முடியாது.

வாரம் இரண்டு நாள், வீட்டிலேயே 20 நிமிடம், தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்குவது, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராக நிறுத்தும் பிளாங்க். இதை விட்டால் 12ஆம் வாரம் முழங்கால் உங்களைக் கேள்வி கேட்கும்.

இருட்டில் ஓடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டை போட்டுக்கொண்டு, வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். தெரு நாய்கள் துரத்தினால் நின்று, நடந்து தாண்டுங்கள். பெண்கள் பலருக்கு விடியற்காலை தனி ஓட்டம் பயமாக இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் ஓட்டக் குழுவில் சேரச் சொல்கிறேன். பெரும்பாலான ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை குழுக்கள் இலவசமாகவே சேர்த்துக்கொள்கின்றன. ஒரே போட்டிக்குப் போகும் நாலு பேர் சேர்ந்துவிட்டால், ஞாயிறு காலை நாலரைக்கு யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

மழை, காய்ச்சல், கல்யாணம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை போகும். உங்கள் திட்டத்தின் கனமான வாரங்களும் அப்போதுதான். தூறலில் தாராளமாக ஓடலாம். தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடாதீர்கள். கீழே திறந்த மேன்ஹோல் இருக்கலாம், அறுந்த மின்கம்பி இருக்கலாம். அன்றைக்கு டிரெட்மில், இல்லாவிட்டால் அடுக்குமாடிப் படிக்கட்டில் அரை மணி நேரம் ஏறி இறங்குவது, அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு.

விட்டுப்போன ஓட்டத்தைக் கடனாக நினைத்து அடைக்கப் பார்க்காதீர்கள். செவ்வாய் போனால் போனதுதான், வியாழனன்று இரண்டையும் சேர்த்து ஓட வேண்டாம். ஒரு வாரம் முழுக்கப் போய்விட்டால், விட்ட வாரத்துக்கு முந்தைய வாரத்தின் தூரத்திலிருந்து மறுபடி பிடியுங்கள். இரண்டு மூன்று வாரம் போய்விட்டால் இலக்கு நேரத்தை மறந்துவிட்டு முடிப்பதை மட்டும் பாருங்கள், அல்லது 10 கிலோமீட்டருக்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். இதையெல்லாம் அமைதியாக முடிவு செய்ய முடிவதற்குக் காரணமும் அந்தக் காலண்டர்தான். இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பவர் பதறுவதில்லை.

காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. மழைக்காலம் டெங்கு காலமும் கூட. டெங்கு வந்து போனவர்கள் எப்போது மறுபடி ஓடலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், பயிற்சித் திட்டம் சொல்லக் கூடாது.

வலியில் இரண்டு வகை உண்டு. இரண்டு காலிலும் சமமாகப் பரவி, ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் குறையும் வலி, வேலை செய்த தசையின் வலி. விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் இருந்து, ஓட ஓடக் கூடி, நொண்ட வைக்கிற வலி அப்படியல்ல. இரண்டாவது வந்தால் அன்றே நிறுத்துங்கள். மூன்று நான்கு நாளில் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

ஒத்திகை

12ஆம் வாரத்தில் 11 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறோம் அல்லவா, அதற்குப் பதில் அக்கம்பக்கத்தில் நடக்கும் சின்ன 10 கிலோமீட்டர் போட்டி ஒன்றை ஓடிவிடுங்கள். பிப் (பனியனில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்குவது, வரிசையில் நிற்பது, கழிப்பறை தேடுவது, கூட்டத்தில் முதல் கிலோமீட்டரைக் கட்டுப்பாடாக ஓடுவது எல்லாம் அங்கேயே பழகிவிடும். அந்த நேரத்தை வைத்து ஜனவரிக் கணக்கையும் திருத்திக்கொள்ளலாம். 10 கிலோமீட்டர் நேரத்தை 2.2ஆல் பெருக்கினால் அரை மாரத்தான் நேரம் ஏறக்குறைய வந்துவிடும்.

கடைசி மூன்று நீண்ட ஓட்டங்களைப் போட்டி தொடங்கும் அதே நேரத்தில் தொடங்குங்கள். விடியும் முன்பே தொடங்கும் போட்டி என்றால் மூன்றரை மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, வயிறு சரியாகி, அப்புறம் கிளம்ப வேண்டும். என்ன சாப்பிடுவது? பலருக்கு இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். சிலருக்கு வாழைப்பழமும் பிரெட்டும். காபி பழகியவர்கள் காபியை விட வேண்டாம். எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்பதை டிசம்பரிலேயே கண்டுபிடித்துவிட்டு, போட்டியன்று அதையே சாப்பிடுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து குறைய ஆரம்பிக்கும். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பாதி பாதியாக இரண்டு மூன்று பேரீச்சம்பழம், வாழைப்பழத் துண்டு, அல்லது ஒரு ஜெல் (ஓடும்போது சாப்பிடச் சின்னப் பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழ்). ஜெல் என்றால் கூடவே தண்ணீர். தாகத்துக்குக் குடியுங்கள், பயந்துபோய் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து. வியர்வை அதிகம் வருகிறவர்கள் ஓ.ஆர்.எஸ். கலந்து பழகிப் பார்க்கலாம். உடை உரசும் இடங்களில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். 14 கிலோமீட்டர் வரை தெரியாத உரசல் 16இல் எரியும்.

மூன்று இலக்கு வையுங்கள்

ஒரே ஒரு நேரத்தை மட்டும் மனதில் வைத்துப் போகிறவர்கள், 12ஆவது கிலோமீட்டரில் அது கை நழுவிவிட்டது என்று தெரிந்ததும் உடைந்துபோகிறார்கள். அதனால் மூன்றை எழுதி வையுங்கள். எல்லாம் கூடி வந்தால் 2 மணி 25 நிமிடம். சாதாரணமாகப் போனால் இரண்டரை மணி, அதாவது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. எது நடந்தாலும், கட்-ஆஃபுக்குள் காயமில்லாமல் முடிப்பது. எண்கள் உங்களுடைய 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்களிலிருந்து வர வேண்டும். நண்பர் இரண்டு மணி நேரத்தில் முடித்தார் என்பதிலிருந்து வரக் கூடாது.

கடைசி இரண்டு வாரம்

இதை டேப்பர் என்கிறார்கள். 15ஆம் வாரம் மொத்தத் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், போட்டி வாரத்தில் பாதிக்கும் கீழே. ஓடும் நாட்களையும் கொஞ்சம் வேகத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், தூரம்தான் குறைய வேண்டும். இந்தச் சமயத்தில் கால் கனப்பது போலவும், இல்லாத வலி எல்லாம் வந்தது போலவும், படித்ததெல்லாம் மறந்தது போலவும் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். கடைசி நேரத்தில் ஒரு நீண்ட ஓட்டம் போட்டுப் பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். கடைசிப் பத்து நாளில் செய்யும் பயிற்சியின் பலன் போட்டிக்குள் வந்து சேராது, களைப்பு மட்டும் சேர்ந்துவிடும்.

ஒரு வசதி, அது மார்கழி. கோயில் ஒலிபெருக்கியும் வாசல் கோலமும் இருக்கும் மாதம், விடியலுக்கு முன் எழுவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. இரவு ஒன்பதரைக்குப் படுக்க மட்டும் வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராது, அதனால் அதற்கும் முந்தின இரவு நன்றாகத் தூங்க வேண்டும்.

பிப் வாங்கப் போகும் கண்காட்சியில் புது ஷூ தள்ளுபடியில் கிடைக்கும். வாங்கலாம், அதைப் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. குறைந்தது நூறு கிலோமீட்டராவது ஓடிப் பழகிய ஷூவோடு போங்கள். முந்தின நாள் மாலையே பிப்பை நான்கு ஊக்கால் பனியனின் முன்பக்கம் குத்தி, ஷூ, சாக்ஸ், தொப்பி, ஜெல் எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் வைத்துவிடுங்கள். பிப்பின் பின்பக்கம் உங்கள் இரத்த வகையும், வீட்டில் ஒருவரின் தொலைபேசி எண்ணும் எழுத இடம் இருந்தால் எழுதுங்கள்.

அந்தக் காலை

முதல் 3 கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாக ஓடுங்கள். உங்களை நூற்றுக்கணக்கானவர்கள் தாண்டிப் போவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பழகியது இதற்குத்தான். 4 முதல் 15 வரை சீராக. தண்ணீர் மேசைகளில் முதல் மேசையில் கூட்டம் மொய்க்கும், கடைசி மேசை காலியாக இருக்கும். ஐந்தாறு அடி நடந்து நிதானமாகக் குடித்துவிட்டு ஓடுங்கள். 16க்குப் பிறகு உங்களுக்குத் தெரிந்த தூரமெல்லாம் ஒவ்வொன்றாக முடியும். மிச்சம் 5 என்றால் வழக்கமாக வீட்டிலிருந்து ஓடும் அந்த 5தான் என்று மனதில் வைத்துக்கொண்டு ஓடலாம். தெம்பு இருந்தால் 18இல் வேகத்தைக் கூட்டுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், வியர்வை நின்று குளிர்வது போல வந்தால், அங்கேயே நின்று மருத்துவ உதவிக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடுங்கள்.

அதற்கு அடுத்த வாரம்

ஒரு வாரம் ஓட வேண்டாம். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். இரண்டாவது வாரம் மூன்று நிதான ஓட்டம், வாட்ச் இல்லாமல். இந்த இரண்டு வாரத்துக்குள் காலண்டரைக் கையில் எடுத்து, எந்தெந்த ஞாயிறு நன்றாகப் போனது, எங்கே வலி வந்தது, எந்த உணவு வயிற்றுக்குச் சேரவில்லை என்று அதே தாளில் எழுதி வையுங்கள். நாள் ஆனால் மறந்துபோகும்.

அடுத்த போட்டியை உடனே, அந்தச் சந்தோஷத்திலேயே பதிவு செய்துவிடத் தோன்றும். ஒரு மாதம் பொறுங்கள். மார்ச்சிலிருந்து வெயில் ஏறிவிடும், கோடை முழுக்கத் தூரம் குறைத்து, வலுப்பயிற்சியும் 5 கிலோமீட்டர் வேகமும் பார்க்கலாம். அடுத்த குளிர்காலப் போட்டிகளுக்குப் பதிவு தொடங்கியதும் தேதியை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து 16 வாரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்.